சிங்கத்துக்கு இடம் கிடைத்தது, மனிதர்களுக்கு?

திருப்பதிக்கு ஒரு சின்ன சர்க்கஸ் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி. எண்ணிப் பார்த்தால் அறுபது பேர் தேறமாட்டோம். வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த அக்காதான் அரை மணி நேரத்தில் ஜிகினா உடுப்போடு கம்பி மேல் நடந்தார். பார் விளையாட்டுக்கு முன்னால் ஒரு பெரியவர் வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, உள்ளங்கையில் வெள்ளைப் பொடி தேய்த்துக்கொண்டு ஒரு பையன் ஏறினான். ஆடிக்கொண்டே கம்பியை விட்டான். எதிரே தலைகீழாகத் தொங்கியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்த அந்த ஒரு நொடியில், என் முன் வரிசையில் இருந்தவர்கள் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

சித்தூரில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், ரிக்‌ஷாவில் மைக் கட்டித் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கூவிக்கொண்டு வருவார்கள். நோட்டீஸுக்காகப் பின்னாலேயே ஓடுவோம். கூடாரம் அடிப்பதை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் கூடும். நாலு பேர் ஓர் இரும்பு முளையைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் சம்மட்டி இறங்கும்போது அடுத்தவர் சம்மட்டி ஏறும். தாளம் தப்பாது. ராத்திரி சர்ச் லைட் வானத்தைத் துழாவ ஆரம்பித்தால் எங்களுக்குச் சோறு இறங்காது.

மிருகங்களைச் சர்க்கஸிலிருந்து எடுத்தது சரிதான். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்குகளுக்கு 1998-இல் மத்திய அரசு போட்ட தடையை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சர்க்கஸ் சிங்கங்களுக்காக நம் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்காவிலேயே மீட்பு மையம் வைத்தார்கள். குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. அதுவும் நியாயம். சாட்டையைப் பார்த்து ஒடுங்கிய சிங்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால், சிங்கத்துக்கு இடம் தேடிய நமக்கு, அதோடு ஊர் ஊராகச் சுற்றிய மனிதர்களுக்கும் ஒரு வழி வேண்டுமே என்று ஏன் தோன்றவில்லை?

1880-இல் மும்பையில் விஷ்ணுபந்த் சத்ரே தொடங்கிய தொழில் இது. 1901-இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலசேரிப் பக்கம் சர்க்கஸ் பள்ளி வைத்துப் பிள்ளைகளைப் பழக்கினார். கேரளத்தில் வயதான கலைஞர்களுக்கு அரசு ஓய்வூதியமாவது தருகிறது. இங்கே கூடாரம் போட ஒரு மைதானம் கிடைப்பதே பாடாக இருக்கிறது. பழைய மைதானங்களில் கடைகளும் கல்யாண மண்டபங்களும் எழும்பிவிட்டன. மிச்சமிருக்கும் இடத்துக்கு வாடகை, கரண்டு, போலீஸ் அனுமதி, தீயணைப்புச் சான்று என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். அதற்குள் பாதி சீசன் போய்விடுகிறது. மழை வந்தால் மீதியும் போச்சு.

ஊருக்குப் பொதுவாக ஒரு மைதானத்தைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கினால் என்ன? அனுமதியெல்லாம் ஒரே இடத்தில் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. அடுத்த தடவை கூடாரம் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். செல்போனைப் பையில் போட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்து, கை வலிக்கத் தட்டுங்கள். அன்றைக்கு அந்த அறுபது பேருக்காக அவர்கள் ஒரு விளையாட்டைக்கூடக் குறைக்கவில்லை.