மீன் குஞ்சுக்கு நீந்தத் தெரியும்... சாப்பாடு யார் போடுவது?



சென்ற மாதச் சுவர் இதழில் "வீட்டில் மீன் வளர்ப்போம்" என்ற கட்டுரையை எல்லோரும் படித்திருப்பீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் அதைப் படித்த பிறகு நம்ம வகுப்பில் நாலைந்து பேர், "கப்பி எல்லாம் சின்னப் பசங்க வளர்க்கிறதுடா, நாம கடல் தொட்டி வைக்கணும், கடல்குதிரை, குழல்மீன் எல்லாம் விடணும், குஞ்சு பொரிக்க வைக்கணும்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பற்றித்தான் என் கருத்து. ஒரே வரியில் சொல்கிறேன்: குழல்மீனைக் காப்பாற்ற ஆசைப்படுங்கள், வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். ஏன்? பொறுமையாகப் படிங்க, அடுத்த பீரியடுக்கு இன்னும் நேரம் இருக்கு!

எது குழல்மீன்?

பலர் முரலைத்தான் குழல்மீன் என்று நினைக்கிறார்கள். முரல் வேற. அது குழம்புக்கு வரும், வாய் நிறையப் பல் இருக்கும். நான் சொல்வது ஆங்கிலத்தில் பைப்ஃபிஷ் எனப்படும் மீன். கடல்குதிரையின் நெருங்கிய சொந்தம். கடல்குதிரையைப் பிடித்து நேராக நீட்டிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். உடம்பு முழுக்க எலும்பு வளையங்கள். வாய், இளநீர் குடிக்கும் ஸ்ட்ரா மாதிரி ஒரு குழாய். அதில் பல் கிடையாது, உள்ளே இரைப்பையும் கிடையாது! கண்கள் இரண்டும் பச்சோந்திக்கு மாதிரி தனித்தனியாகத் திரும்பும். பக்கத்தில் ஏதாவது பொடி இறால் வந்தால், கண் இமைக்கும் நேரத்தில் குழாய்க்குள் உறிஞ்சிவிடும்.

கடற்புல், பாசி, ஆற்று முகத்துவாரம், மாங்குரோவ் வேர் இருக்கிற இடங்களில் இந்தக் குடும்பம் வாழ்கிறது. நான் கிள்ளைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவன். எங்க மாமா உப்பங்கழியில் வலை போடுபவர். வலையில் எப்போதாவது இது வரும். அசையாமல் கிடந்தால் குச்சி என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடுவோம், அவ்வளவு நன்றாக ஒளிந்துகொள்ளும்.

அப்பாதான் அம்மா!

இந்தக் குடும்பத்தில் பிள்ளையைச் சுமப்பது அப்பா. பெண் மீன் முட்டையை ஆண் மீனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். கடல்குதிரைக்கு வயிற்றில் பை இருக்கும். குழல்மீன்களில் பலவற்றுக்கு வாலின் அடியில் தோல் மடிப்பாலான பை. சிலவற்றுக்குப் பையே கிடையாது, முட்டைகள் வயிற்றின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சில வாரம் சுமந்த பிறகு குஞ்சுகள் வெளியே வரும்போது அப்பாவின் சின்ன நகல் மாதிரியே இருக்கும்.

இதையெல்லாம் எங்கோ அமெரிக்காவில் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். சிதம்பரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே வேலை செய்த ஆய்வாளர்கள், அலிகேட்டர் பைப்ஃபிஷ் என்னும் இனத்தின் முட்டைக்குள் கரு எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று பார்த்து எழுதிய கட்டுரை 2005-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. நான் மேலே சொன்ன பையில்லாத அப்பா இந்த இனம்தான். நம்ம ஊர் பக்கத்திலேயே உலகம் படிக்கிற ஆராய்ச்சி நடந்திருக்கிறது, நாமோ பரங்கிப்பேட்டை என்றால் அல்வாவும் பஸ் ஸ்டாண்டும்தான் என்று இருக்கிறோம்!

பிறந்த பிறகுதான் கஷ்டம்

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தரணுமா?" என்பார்கள். கற்றுத்தர வேண்டாம், சரி. ஆனால் சாப்பாடு?

இரைப்பை இல்லாத மீன் சாப்பிட்டதைச் சேர்த்து வைக்க முடியாது. அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கணும். அதுவும் கடையில் பாக்கெட்டில் விற்கிற உருண்டைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. துள்ளுகிற உயிருள்ள இரைதான் வேண்டும். பெரிய மீனுக்கே இப்படி என்றால், தலைமுடி மாதிரி இருக்கும் குஞ்சுக்கு? அதன் குழாய் வாய்க்குள் நுழைகிற அளவுக்குப் பொடியான உயிர் வேண்டும். ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிர், கோபிபாட் என்கிற மிதவை உயிரின் குஞ்சு, அடுத்து ஆர்ட்டீமியா என்கிற உப்பளத்து இறாலின் குஞ்சு. ஆர்ட்டீமியாக் குஞ்சே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரோட்டிஃபர் அதைவிடச் சின்னது.

இப்போ கணக்குப் போடுங்க. குழல்மீன் குஞ்சுக்கு ரோட்டிஃபர் வேண்டும். ரோட்டிஃபருக்குப் பச்சைப் பாசித் தண்ணீர் வேண்டும். பாசிக்கு வெளிச்சமும் உரமும் வேண்டும். ஆக, ஒரு மீனை வளர்க்க நீங்கள் மூன்று பண்ணை நடத்தணும்! ஆர்ட்டீமியாவும் பொரித்த உடனே கொடுத்தால்தான் சத்து. நேரம் ஆக ஆக அது தன் உடம்பில் இருக்கிற கருவையே தின்று தீர்த்துவிடும். பிறகு கொடுத்தால் குஞ்சுக்கு வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது.

இது போதாதென்று, சாதாரண மோட்டார் ஃபில்டர் வைத்தால் குஞ்சுகளை உள்ளே இழுத்துவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் வைக்கணும். மிச்ச இரை செத்தால் தண்ணீரில் அம்மோனியா ஏறும், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றணும். மாற்றுகிற தண்ணீரின் உப்பும் சூடும் பழைய தண்ணீர் மாதிரியே இருக்கணும். பெரிய மீனோடு விட்டால் அதுவே குஞ்சைத் தின்றுவிடலாம். ஒரு நாளைக்கு நாலைந்து வேளை தீனி. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அரைப் பரீட்சை நேரத்தில் இதை யார் செய்வது? நம்ம அம்மாதான்! அப்பா மீன் சுமந்த பிள்ளையைக் கடைசியில் நம்ம அம்மா தலையில் கட்டுவது நியாயமா?

கரண்ட் போனால் கதையே முடிந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காற்று பம்ப் நின்றால் தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும்?

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-இல் கடல்குதிரையையும் அதன் குடும்பம் முழுவதையும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருந்த அட்டவணை! கடல்குதிரை வியாபாரத்தை உலக நாடுகளும் 2004 முதல் ஒப்பந்தம் போட்டுக் கண்காணிக்கின்றன. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கடல்குதிரை மட்டும்தான். நம் நாட்டுச் சட்டமோ குழல்மீனையும் சேர்த்தே காக்கிறது. காரணம், காயவைத்த கடல்குதிரைக்கும் குழல்மீனுக்கும் சீன மருந்துக்காக வெளிநாட்டில் கிராக்கி. பாக் நீரிணைப் பக்கமிருந்து ஏராளமாகப் போய்க்கொண்டிருந்தது.

எனவே அனுமதி இல்லாமல் பிடிப்பதும் விற்பதும் குற்றம். "ஒரு கடையில் கேட்டேன், சொல்லி வைத்தால் கொண்டுவந்து தருகிறேன் என்றார்" என்று ஒருவன் பெருமையாகச் சொன்னான். கடைக்காரர் தருவார், தம்பி. அது கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேட்டாயா?

"வலையில் வந்தது எப்படியும் செத்துத்தானே போகும்?"

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. நல்ல கேள்விதான், ஒதுக்கிவிட முடியாது. விசைப்படகின் இழுவை வலையில் வருகிற பொடி மீன், சிப்பி, பாசி எல்லாம் கழிவு மீன் என்று குவிந்து, காய்ந்து, கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதற்குள் கடல்குதிரையும் குழல்மீனும் சிக்கியிருக்கலாம். "தீவனமாகப் போவதைவிட என் தொட்டியில் வாழட்டுமே" என்கிறான் நண்பன்.

என் பதில் இரண்டு. ஒன்று, இழுவை வலையில் நசுங்கி வந்தது உங்கள் தொட்டிக்கு வராது. தொட்டிக்கு வருவது உயிரோடு, காயமில்லாமல் தேடிப் பிடித்தது. ஒன்றுக்குக் காசு கொடுத்தால் நாளைக்குப் பத்து தேடுவார்கள். இரண்டு, மேலே சொன்ன தீனி இல்லாவிட்டால் அது உங்கள் தொட்டியில் வாழப்போவதில்லை, கண்ணாடிக்குள் பட்டினி கிடந்து மெதுவாகச் சாகும். அதற்குப் பெயர் காப்பாற்றுவது அல்ல.

அதே சமயம் ஒன்றைச் சொல்லியாகணும். சட்டத்தைச் சொல்லி மீனவரைத் திருடன் மாதிரி பார்ப்பது தப்பு. எங்க மாமா கேட்பார்: "வலைக்குக் கண்ணா இருக்கு, இது கடல்குதிரை, இது இறால்னு பார்த்துப் பிடிக்க?" உண்மைதானே! வேண்டுமென்று பிடிப்பவர் வேறு, வலையில் தானாக வந்தது வேறு. அண்ணங்கோயில், முடசலோடை, கடலூர் முதுநகர் என்று கரையோரத்திலிருந்து நம் பள்ளிக்கு எத்தனை பேர் வருகிறோம்! பயமுறுத்துவதை விட்டுவிட்டு, "உயிரோடு வந்தால் அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுங்க" என்று சொல்லிக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாமல் இருப்பது மீன் பெருகத்தான் என்று தெரிந்து, வருமானம் இல்லாமலும் பொறுத்துக்கொள்கிறவர்கள்தானே அவர்கள்?

அப்போ யார் வளர்ப்பது?

வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தவர்கள், அனுமதியோடு, பண்ணையில் வளர்க்கணும். முடியுமா என்றால் முடியும். 2003-இல் வந்த படத்தில் 'நீமோ'வாகப் பார்த்தோமே, அந்தக் கோமாளி மீனைப் பவளப்பாறையே இல்லாத பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத் தண்ணீரை வைத்தே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். லட்சத்தீவின் அகத்தித் தீவில் உள்ளூர்ப் பெண்களுக்கு அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சென்னை கொளத்தூரில் நன்னீர் வண்ண மீனை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. இதே வழியில் நம் கரையோரப் பெண்களுக்கும் பண்ணை வைக்கக் கற்றுக்கொடுத்தால், கடலிலிருந்து பிடிக்கிற அவசியம் குறையும், வீட்டுக்கும் வருமானம் வரும். குழல்மீனைப் பல்கலைக்கழகம் மாதிரியான இடத்தில் வளர்த்து, திரும்பக் கடற்புல்லில் விடலாம். இது என் ஆசை.

நாம் என்ன செய்யலாம்?

ஆசை இருக்கிறவர்கள் முதலில் மோலி மீனை வளர்த்துப் பாருங்கள். அது குட்டி போடும் மீன், கொஞ்சம் உப்புத் தண்ணீரிலும் வாழும். கூடவே ஆர்ட்டீமியா பொரியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பு, ஒரு சிட்டிகை ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து விடாமல் காற்றுக் குமிழி, மேலே ஒரு பல்பு வெளிச்சம். ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடிக் கூடும். டியூபால் உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி மோலிக் குட்டிக்குக் கொடுங்கள். இதை ஒரு நாள் கூடத் தவறாமல் மூன்று மாதம் செய்ய முடிந்தால், நீங்கள் பரங்கிப்பேட்டையில் படிக்கத் தகுதியானவர்! ஒரு வாரத்தில் அலுத்துவிட்டால், ஒரு குழல்மீன் உயிர் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். வளர்த்து முடித்த மோலியையோ கப்பியையோ மட்டும் வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். அவை நம் நாட்டு மீன் இல்லை, நம்ம ஊர் மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நம் அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்தில் ஓரமாகக் கிடக்கும் கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்து இந்த மோலி, ஆர்ட்டீமியா வேலைக்குக் கொடுங்கள். முறை போட்டு நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இந்த வருடச் சுற்றுலாவைப் பிச்சாவரத்தில் படகில் சுற்றுவதோடு முடிக்காமல், அனுமதி வாங்கிப் பரங்கிப்பேட்டை உயராய்வு மையத்துக்கும் கூட்டிப்போங்கள்.

நண்பர்களே, அடுத்த முறை யாராவது "குழல்மீன் வாங்கலாமா?" என்று கேட்டால், "அது நம்ம ஊர் கழிமுகத்திலேயே இருக்குடா, அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள், பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.



— 11-ஆம் வகுப்பு மாணவன், உயிரியல் பிரிவு