அர்த்தம் தெரிந்து கையெழுத்து!

கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால், கையெழுத்துப் போடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

பாங்கி, தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி - எங்கே போனாலும் ஆங்கிலச் சொற்கள் எதிரே நிற்கின்றன. "பஸ்", "டிக்கெட்" எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த படியில் உள்ள சொற்கள்தான் ஆளை மாட்டிவிடுகின்றன.

ஜாமீன்

பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்குகிறார். "சும்மா, சாட்சிக் கையெழுத்துதான்" என்று தாளை நீட்டுகிறார். அதில் "விட்னஸ்" என்று இருந்தால் சாட்சி. "கேரண்டர்" என்று இருந்தால் ஜாமீன்! கடன்காரர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் கட்ட வேண்டும். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு சொல் தெரியாததால் வீடு, நிலம் கூடப் போய்விடலாம்.

"நாமினி" என்பது இன்னொரு சொல். கணக்கு வைத்திருப்பவர் இறந்துபோனால், பாங்கியில் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் இவர். அதனால் மற்ற வாரிசுகளின் உரிமை அழிந்துவிடாது. இது தெரியாமல் அண்ணன் தம்பிகள் பகையாளி ஆவது உண்டு.

மருந்து அட்டையில் "எக்ஸ்பயரி" என்று ஒரு தேதி இருக்கும். அது காலாவதித் தேதி. அது கடந்த மருந்தைச் சாப்பிடக்கூடாது.

இரண்டு அர்த்தம்

சில சொற்கள் இடத்துக்கு இடம் மாறும். "இன்ட்ரஸ்ட்" என்றால் பாங்கியில் வட்டி, பள்ளிக்கூடத்தில் ஆர்வம். "பேலன்ஸ்" என்றால் கணக்கில் மீதி, சைக்கிளில் சமநிலை. ஆகையால், சொல்லை மட்டும் நெட்டுருப் போட்டால் போதாது. ஒரு வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தினம் மூன்று

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். அடிக்கடி வரும் சொற்களாகப் பொறுக்கி, சுமார் 2,000 சொற்கள் கொண்ட பட்டியலை 1953-ல் வெளியிட்டார். ஒரு நாளைக்கு 3 சொல் படித்தால், ஒரு வருஷத்தில் 1,095. இரண்டு வருஷத்தில் 2,000-த்தைத் தாண்டிவிடலாம்!

பணச் செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். படிக்கிற பிள்ளை 3 சொற்களை எழுதட்டும். எதிரே தமிழில் அர்த்தம் எழுதட்டும். அம்மாவும் அப்பாவும் வாய்விட்டுப் படிக்கட்டும். மறுநாள் பிள்ளை கேள்வி கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரத்துச் சொற்களை எல்லாம் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம்.

பிள்ளையிடம் படிப்பதா என்று வெட்கப்பட வேண்டியதில்லை. ஆங்கிலமே தமிழிடம் கடன் வாங்கிய மொழிதான். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய மூன்றும் ஆங்கில அகராதியில் ஏறி இருக்கின்றன.

தமிழில் படிவம் இருந்தால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால், தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்க வேண்டும். கேட்பது கேவலம் அல்ல. கேட்ட பிறகே பேனாவைத் திறக்க வேண்டும்!