நூறு கிலோ பெட்டகமும் நான்கு துளைகளும்

நம் வீடுகளில் துப்பாக்கி இருப்பதில்லை. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. சிங்கப்பூரில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். ஆகவே, துப்பாக்கிப் பெட்டகத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதினால், "இது நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால், கணக்கு முடிந்த பிறகு கேளுங்கள்.

என் கல்லூரி நண்பர் ஒருவர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார். வேட்டைக்குப் போகும் பழக்கம் உண்டு. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். துப்பாக்கிகளைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டகம் வாங்கினார். பெட்டகத்தின் அடியில் நான்கு துளைகள். தரையில் போல்ட் போட்டு முடுக்குவதற்காகவே விடப்பட்டவை. வாடகை ஒப்பந்தத்திலோ சுவரிலும் தரையிலும் துளையிடக்கூடாது என்ற விதி. நண்பர் பெட்டகத்தை அப்படியே அறையின் மூலையில் நிறுத்திவிட்டார். "நூறு கிலோப்பா! யார் தூக்கப் போகிறான்?" என்றார்.

தூக்க வேண்டியதில்லை, சாய்த்தால் போதும் என்பதுதான் என் பதில்.

படிவம் இரண்டு அறிவியலில் திருப்புத்திறனைப் படித்திருப்பீர்கள். விசையை, சுழலும் இடத்திலிருந்து உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். நண்பரின் பெட்டகம் 150 செ.மீ. உயரம், 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம். எடை 100 கிலோ, அதாவது 980 நியூட்டன். அது முன்பக்கம் சாய்ந்தால் முன் அடிவிளிம்பை மையமாகக் கொண்டு சுழலும். ஈர்ப்பு மையம் அந்த விளிம்பிலிருந்து 20 செ.மீ. உள்ளே இருக்கிறது. ஆகவே பெட்டகத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் திருப்புத்திறன் 980 × 0.2 = 196 நியூட்டன் மீட்டர். உச்சியைப் பிடித்து இழுப்பவருக்கு 1.5 மீட்டர் நெம்புகோல் கிடைக்கிறது. 196-ஐ 1.5-ஆல் வகுத்தால் சுமார் 130 நியூட்டன். பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு மூன்று கிலோ சர்க்கரையைச் சேர்த்துத் தூக்கும் விசை அவ்வளவுதான். நூறு கிலோ என்ற எண் நம்மை எப்படி ஏமாற்றுகிறது, பாருங்கள்!

கதவைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம். கதவு மட்டும் 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை அகலத் திறக்கும்போது அந்த 30 கிலோவின் மையம் முன்விளிம்பைத் தாண்டி 25 செ.மீ. வெளியே போய்விடுகிறது. அதுவரை பெட்டகத்தை நிறுத்தி வைத்த எடையில் ஒரு பகுதி இப்போது கவிழ்க்கும் பக்கம் சேர்ந்துகொள்கிறது. மறுபடி கணக்குப் போட்டால் உச்சியில் சுமார் 42 நியூட்டன் போதும். நான்கு கிலோ எடைக்குச் சற்றுக் கூடுதல். திறந்த கதவில் ஒரு குழந்தை தொங்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

திருடனுக்கும் இதே கணக்கு உதவுகிறது. நின்றுகொண்டிருக்கும் பெட்டகத்தின் கதவிடுக்கில் கடப்பாரையை நுழைத்து நெம்புவது கடினம். பெட்டகம் ஆடும், நழுவும். மல்லாக்கப் படுத்துவிட்டாலோ தன் உடல் எடை முழுவதையும் கடப்பாரையின் மேல் போடலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெட்டகங்களைச் சோதிக்கும் யு.எல். 1037 என்ற தரநிலை, சாதாரணக் கைக்கருவிகளின் தாக்குதலைப் பெட்டகம் ஐந்து நிமிடம் தாங்கினால் போதும் என்கிறது. ஐந்து நிமிடந்தான்! அதே தரநிலை, 750 பவுண்டுக்குக் குறைந்த, அதாவது சுமார் 340 கிலோவுக்குக் குறைந்த பெட்டகங்களைத் தரையோடோ சுவரோடோ பிணைக்க வழி செய்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. எடையை மட்டும் நம்பக்கூடாது என்பது தயாரிப்பாளர்களுக்கே தெரிந்த விஷயம்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாக 2020-இல் சாலை விபத்தை முந்தியது துப்பாக்கி. 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு நான்கு பழக்கங்களை ஆராய்ந்தது: துப்பாக்கியைப் பூட்டுவது, அதில் தோட்டா இல்லாமல் வைப்பது, தோட்டாவைப் பூட்டுவது, இரண்டையும் தனித்தனியாக வைப்பது. நான்கில் ஒவ்வொன்றுமே பிள்ளைகளுக்கு நேரும் ஆபத்து குறைவதோடு தொடர்புடையது என்று அது கண்டது. பூட்டுவதற்கு இவ்வளவு பலன் இருக்கும்போது, பூட்டிய பெட்டியே கவிழ்ந்தும் காணாமலும் போகலாம் என்றால் எப்படி?

சரி, போல்ட் போட்டால் எங்கே போடுவது? இருவர் சேர்ந்து உச்சியை 1000 நியூட்டன் விசையோடு இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டகத்தின் எடை எதிர்த்தது போக 1304 நியூட்டன் மீட்டர் மிஞ்சுகிறது. அதைத் தரையில், முன்விளிம்பிலிருந்து 35 செ.மீ. தள்ளியுள்ள பின்வரிசை போல்ட்டுகள் தாங்கினால் அவற்றின் மேல் சுமார் 3700 நியூட்டன் விழும். சுவரில் 140 செ.மீ. உயரத்தில் பிணைத்தால் சுமார் 930 நியூட்டன் மட்டுமே. கால் பங்கு! ஆனால், சுவர் தாங்க வேண்டுமே. அமெரிக்க வீடுகளில் பல சுவர்கள் மரச்சட்டத்தின் மேல் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்தவை. பலகையில் மட்டும் திருகாணி போட்டால் பலகையோடு பிய்ந்து வரும். பெரும்பாலும் சுமார் 40 செ.மீ. இடைவெளியில் நிற்கும் மரச்சட்டத்தைத் தேடிப்பிடித்துத்தான் முடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் மறுப்பதில் எப்போதும் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். சில அடுக்குமாடிகளின் கான்கிரீட் தரைக்குள் இழுத்துக் கட்டப்பட்ட எஃகு வடங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 15 டன் எடையைத் தொங்கவிட்டதற்கு நிகரான இழுவிசை. அதைத் தெரியாமல் துளைப்பது பெரும் விபத்து. அத்தகைய கட்டடத்தில் 'கூடாது' என்பது பொறியியல். வெறும் சாயம் கெட்டுவிடும் என்பதற்காகச் சொல்லப்படும் 'கூடாது'வைத்தான் நான் ஏற்கவில்லை. ஒரு துளையை அடைக்கக் கொஞ்சம் புட்டி போதும்.

நியூசிலாந்து இதை நேராகவே தீர்த்தது. 2021 பிப்ரவரி 11 முதல் அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர் சிறு மாற்றம் ஒன்றைக் கேட்டால் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நிலநடுக்கத்தில் விழாமல் அலமாரியைச் சுவரோடு பிணைப்பதும் இதில் சேரும். செலவு குடியிருப்பவருடையது, வெளியேறும்போது பழையபடி சரிசெய்து தருவதும் அவர் பொறுப்பு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அனுமதி கிடைக்கும்வரை என்ன செய்வது? நண்பர் முதலில் பெட்டகத்தின் அடித்தட்டில் 50 கிலோ இரும்புத் தட்டுகளை அடுக்க நினைத்தார். கணக்குப் போட்டால் சாய்க்கத் தேவையான விசை 130-லிருந்து 196 நியூட்டனுக்கு மட்டுமே ஏறுகிறது. அதற்குப் பதிலாக, பெட்டகத்துக்கு முன்னால் 50 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த ஒட்டுப்பலகையில் அதை போல்ட் போட்டுப் பிணைக்கச் சொன்னேன். சுழலும் விளிம்பு இப்போது பலகையின் நுனிக்குப் போய்விட்டது. ஈர்ப்பு மையத்துக்கும் விளிம்புக்கும் 70 செ.மீ. தூரம். தேவையான விசை சுமார் 457 நியூட்டன்; கதவு திறந்திருந்தாலும் சுமார் 370. திறப்பவர் அந்தப் பலகையின் மேல்தான் நிற்க வேண்டும் என்பதால் அவர் எடையும் கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. தரையில் ஒரு துளைகூட இல்லை. திருடனை இது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தரையில் போட்ட போல்ட்டுக்கு இது ஈடாகாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் இருப்பதும் வாடகை வீடுதான். அறையில் நான்கு இழுப்பறைகள் கொண்ட உயரமான அலமாரி. சென்ற மாதம் என் தங்கை மகன் எல்லா இழுப்பறைகளையும் இழுத்துவிட்டு, ஏணி போல அவற்றில் ஏறத் தொடங்கினான். அலமாரி முன்னால் அசைந்தது. பெட்டகக் கதவின் கணக்கேதான் இதுவும். வெளியே வந்த இழுப்பறைகளோடு பையனின் எடையும் கவிழ்க்கும் பக்கம். நல்லவேளையாக நான் அருகில் இருந்தேன்.

அன்று இரவே ஒரு தாளில் படம் வரைந்து, மேலே எழுதிய கணக்கைப் போட்டு, இரண்டு துளைகள் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து அழைத்தார். "கணக்கெல்லாம் எனக்குப் புரியலை தம்பி. போகும்போது அடைத்துக் கொடுத்துவிடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார்.