கேட்டோடு நின்றுபோகும் சைக்கிள்

போன ஜூனில் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனில் ஒரு பொண்ணு சேர்ந்தாள். பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவள். வேலம்பாளையத்தில் வீடு, கம்பெனிக்கு மூன்றரை கிலோமீட்டர் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளிலேயே முதல் நாள் வந்து இறங்கினாள். வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்துவிட்டார்.

"அம்மிணி, இங்க பைக்குக்கே எடமில்ல. ரோட்டோரமா நிறுத்திக்கோ."

"காணாமப் போச்சுன்னா ஆருங்ண்ணா பொறுப்பு?"

அவர் என்ன செய்வார், மேலிடத்தில் சொன்னதைச் சொல்கிறார். சாக்கடையோரப் புங்கமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு அவள் உள்ளே வருவதற்குள் எட்டரை தாண்டிவிட்டது. கால் ஷிப்டு கட். அதோடு விட்டதா? வழியில் செயின் கழன்று மாட்டியிருக்கிறாள். வெறும் தண்ணீரில் கழுவிய கை. வெள்ளை டீசர்ட்டை எடுத்து விரித்தாள், காலருக்குக் கீழே நாலு விரலும் கறுப்பாகப் பதிந்துவிட்டது. சூப்பர்வைசர் நான்தான், திட்டிவிட்டேன். அப்புறம் மனசே ஆறவில்லை. கேட்டருகே ஒரு சோப்பும் ஒரு பிடி பனியன் வேஸ்ட் துணியும் வைத்திருந்தால் அந்த பீஸ் கெட்டிருக்காது. எத்தனையோ ஊர் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைப்பது நம்ம ஊர் வேஸ்ட்தான். நம்ம பிள்ளைகள் கை துடைக்க ஒரு பிடி இல்லையா?

2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள், பிறகு அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் படிக்கிற எல்லோருக்கும் என்று வந்தது. வேலைக்கு வருகிற இந்தப் பொண்ணுகளுக்குச் சைக்கிளும் இருக்கிறது, ஓட்டவும் தெரியும். இரண்டு வருஷம் ஓட்டிய அந்தச் சைக்கிள் பனியன் கம்பெனி கேட்டோடு நின்றுபோகிறது. தூரத்துக் கிராமங்களுக்கு வேன் போகிறது, உள்ளூர்க்காரிக்கு அதுவும் கிடையாது. டவுன்பஸ் 2021லிருந்து பெண்களுக்கு இலவசம், நல்ல காரியம். ஆனால் எங்கள் சந்துக்குள் பஸ் வராதே.

மேனேஜரிடம் சைக்கிள் நிறுத்த இடம் கேட்டேன். "ரோட்ல ஏதாச்சும் ஆனா கம்பெனி தலையிலதானுங்க விடியும்" என்றார். வேலைக்கு வருகிற, திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தையும், நேரமும் வழியும் பொருந்தினால், வேலைக்காயமாக எடுத்துக்கொள்ள 2010லேயே ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியாயிற்று. பைக்கில் வந்தால் மட்டும் விபத்து நடக்காதா? சரக்கு வாங்குகிற பையர் ஆடிட்டுக்கு வந்தால் தீயணைப்பு சிலிண்டரில் தேதி பார்க்கிறார்கள், கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாள் வரை பார்க்கிறார்கள். ஆள்கள் எதில் வருகிறார்கள், வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒன்றரை ஷிப்டு முடிந்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வந்தால் புஷ்பா தியேட்டர் சிக்னல் பக்கம் லாரியும் பஸ்ஸுமாக மூச்சுமுட்டும். பயம் எனக்கும் உண்டு. அதற்குத்தான் பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர், முன்னால் ஒரு லைட், நாலைந்து பேராகச் சேர்ந்து கிளம்ப ஒரு ஏற்பாடு. இதற்கெல்லாம் எத்தனை செலவாகிவிடும்?

இதற்கு முன்மாதிரியும் உண்டு. புதுக்கோட்டையில் 1991 வாக்கில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் கற்றுக்கொடுத்ததோடு விடவில்லை, சைக்கிள் வாங்க பேங்க் லோனுக்கும் வழி செய்தார். கல் உடைக்கிற பெண்கள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். பிரிட்டனில் 1999லிருந்து கம்பெனியே சைக்கிள் வாங்கிக் கொடுத்துச் சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்கிறது, அதற்கு வரிச்சலுகையும் உண்டு. நம்ம ஊரில் தீபாவளி போனஸுக்கு முன்னாலேயே அட்வான்ஸ் கொடுத்து சனிக்கிழமைச் சம்பளத்தில் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதுக் கணக்கா? இங்கே பல பேருக்குச் சைக்கிள்கூட வாங்கித் தர வேண்டாம். நாலு பைப் நட்டு மேலே தகரம் போட்டால் போதும்.

போன வாரம் அவளிடம் கேட்டேன், சைக்கிள் என்னாச்சு கண்ணு என்று.

"மழையில நின்னு துருப்புடிச்சுப் போச்சுங்க்கா. அப்பா பழைய இரும்புக்கடையில போட்டுட்டாரு."

இப்போது ஷேர் ஆட்டோவில் வருகிறாள். திங்கட்கிழமை இன்னும் மூணு பேர் புதுசாகச் சேருகிறார்கள். அதில் ரெண்டு பேருக்குச் சைக்கிள் இருக்கிறதாம். மேனேஜரிடம் மறுபடி கேட்டிருக்கிறேன்.