அம்மாவுக்கு முதல் கிண்ணம்!
நெய்வேலி வீடுகளில் தக்காளி மட்டி சூப் வைத்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிறது. வாசனை தெருவரை வீசுகிறது.

இலை போட்டாயிற்று. நடுத்துண்டு அப்பாவுக்கு. அவர் ஷிப்டுக்குப் போகிறவர். அடுத்த நல்ல துண்டு மகனுக்கு. படிக்கிற பிள்ளை. அதற்கு அடுத்தது மகளுக்கு. தலைத்துண்டு பாட்டிக்குப் பிடிக்கும்.

அம்மாவுக்கு?

சட்டியின் அடியில் கிடக்கும் வால் துண்டு. அதுவும் மிஞ்சினால்தான். இல்லையென்றால் வெறும் குழம்பு!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நெய்வேலியின் ஒவ்வொரு வட்டத்திலும், சுற்றியுள்ள கிராமங்களிலும், தமிழ்நாடு முழுவதிலும் நடப்பதுதான். யாரும் அவளைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்வதில்லை. அவளே எடுத்து வைத்துவிடுகிறாள். அதைப் பாசம் என்கிறோம். பாசம்தான். ஆனால் அதன் விலை என்ன?

பாதிப் பேருக்குச் சோகை

மத்திய அரசு 2019 முதல் 2021 வரை தேசியக் குடும்ப நல ஆய்வு ஒன்றை நடத்தியது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள்.

இந்தியாவில் 100 பெண்களில் 57 பேருக்கு ரத்தசோகை! தமிழ்நாட்டில் 100-க்கு 53 பேர். பாதிக்கும் மேல்!

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. "வயசாகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். வயது முப்பதுதான் ஆகியிருக்கும்!

ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. முக்கியமான ஒன்று, உணவில் இரும்புச் சத்து போதாமை. அதைக் கொடுக்கும் பண்டம் ஒன்று நெய்வேலிக்கு அருகிலேயே விளைகிறது. யாரும் விதைக்கவில்லை. யாரும் தண்ணீர் பாய்ச்சவில்லை. அதுதான் மட்டி.

வெற்றிலைச் சுண்ணாம்பு தெரியும். மட்டி தெரியுமா?

நெய்வேலி என்றதும் எல்லோருக்கும் நிலக்கரி நினைவுக்கு வரும். 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நாடெங்கும் இருந்து ஜனங்கள் வந்து குடியேறினார்கள். பூமிக்கு அடியில் இருப்பதைத் தோண்டி எடுப்பதில் இந்த ஊருக்கு நிகர் இல்லை.

மட்டியும் தோண்டி எடுப்பதுதான். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், சேற்றுக்கும் மணலுக்கும் அடியில் அது புதைந்து கிடக்கும். இரண்டு ஓடு. நடுவில் மெல்லிய சதை. நீர் வற்றும் நேரத்தில் ஆற்றில் இறங்கி, கையால் துழாவி எடுப்பார்கள்.

நெய்வேலியிலிருந்து கிழக்கே போனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் கடல். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகம் மட்டிக்குப் பேர் போனது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையமும் அங்கேதான் இருக்கிறது.

மட்டியின் ஓட்டைச் சுட்டால் கிளிஞ்சல் சுண்ணாம்பு. அது வெற்றிலைக்கு வந்தது. சுவருக்கும் வந்தது. ஓட்டை ஊருக்குள் வரவேற்ற நாம், உள்ளே இருக்கும் சத்தான சதையைக் கரையிலேயே விட்டுவிட்டோம்!

ஏன்? "அது ஏழை சாப்பாடு" என்ற எண்ணம்தான். மீனவர் குடும்பங்கள் சாப்பிடுவது நமக்கு எதற்கு என்ற நினைப்பு. கேரளத்தில் அப்படி இல்லை. அங்கே அதைக் 'கக்கா' என்பார்கள். வறுப்பார்கள், குழம்பு வைப்பார்கள். கொல்லம் அருகே உள்ள அஷ்டமுடி ஏரியின் மட்டித் தொழிலுக்கு 2014-ம் ஆண்டில் உலகச் சான்றிதழே கிடைத்தது. வளத்தை அழிக்காமல் எடுக்கிறார்கள் என்பதற்கான சான்றிதழ் அது!

பாலா? தக்காளியா?

அமெரிக்க நாட்டில் மட்டி சூப் ஓட்டல்களில் விற்கும் பெருமைக்குரிய பண்டம். அதன் பெயர் 'சவுடர்'. மட்டி, உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டுக் காய்ச்சுவது.

இதில் இரண்டு கட்சி. வடகிழக்கு மாநிலங்களில் பால் ஊற்றி வைப்பார்கள். நியூயார்க் பக்கம் தக்காளி போடுவார்கள். இரண்டு கட்சிக்கும் ஆகவே ஆகாது!

சண்டை எவ்வளவு தூரம் போயிற்று தெரியுமா? 1939-ம் ஆண்டில் மெயின் என்ற மாநிலத்தின் சட்டசபையில் ஓர் அங்கத்தினர் ஒரு மசோதா கொண்டு வந்தார். மட்டி சூப்பில் தக்காளி போடுவது சட்ட விரோதம் என்று அறிவிக்க வேண்டுமாம்! மசோதா சட்டமாகவில்லை. தக்காளி பிழைத்தது.

நம் வீடுகளுக்கு எது நல்லது? சந்தேகம் இல்லாமல் தக்காளிதான்.

காரணம் இருக்கிறது. தக்காளியில் 'சி' வைட்டமின் உண்டு. உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து உடம்புக்கு வேண்டியதுதான். ஆனால் இரும்போடு சேர்ந்து வந்தால் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும். டீயும் அப்படித்தான். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே நல்லது.

மட்டியில் இரும்பு மட்டும் அல்ல. ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய 'பி 12' வைட்டமினும் நிரம்ப உண்டு.

மட்டி வாங்குவது எப்படி?

மீன்காரரிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஓட்டோடு, உயிரோடு வாங்க வேண்டும். ஓடு இறுக மூடியிருக்கவேண்டும். திறந்திருந்தால் விரலால் ஒரு தட்டு தட்டினால் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் அது செத்த மட்டி. தூர எறிய வேண்டும். ஓடு உடைந்ததும் ஆகாது.

எங்கே எடுத்தது என்று கேட்கத் தயங்கக்கூடாது. மட்டி தண்ணீரைச் சலித்து இரை தின்னும் பிராணி. தண்ணீரில் சாக்கடையோ ஆலைக் கழிவோ இருந்தால் அதுவும் மட்டிக்குள் போய்விடும். ஆகவே சுத்தமான கழிமுகத்தில் எடுத்த மட்டிதான் வேண்டும்.

குஞ்சு மட்டியை வாங்காதீர்கள். இன்று அதைத் தின்றால் அடுத்த ஆண்டு ஆற்றில் மட்டி இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் மூடி வையுங்கள். காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தால் செத்துவிடும். அன்றே சமைத்துவிட வேண்டும்.

சூப் வைப்பது எப்படி?

நாலு பேருக்கு ஓட்டோடு ஒன்றரை கிலோ மட்டி வேண்டும். சதை கொஞ்சமாகத்தான் தேறும். பழுத்த நாட்டுத் தக்காளி அரை கிலோ, உருளைக்கிழங்கு இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஐந்து பல், மிளகு ஒரு தேக்கரண்டி, ஓமம் ஒரு சிட்டிகை, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எண்ணெய் இரண்டு கரண்டி. அவ்வளவுதான்.

முதலில், கடல் தண்ணீர் போல் கரிக்கும் உப்புத் தண்ணீரில் மட்டியை இரண்டு மணி நேரம் போட்டு வையுங்கள். மணலைக் கக்கிவிடும். பிறகு ஓட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஒரு பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் கொதிக்க வைத்து, மட்டியைப் போட்டு மூடுங்கள். ஐந்தாறு நிமிஷத்தில் ஓடுகள் வாய் திறக்கும். திறக்காததை எறிந்துவிடுங்கள். சதையைத் தனியே எடுத்து வையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! ருசியே அதில்தான் இருக்கிறது. மெல்லிய துணியில் வடிகட்டி வையுங்கள். அடியில் மணல் தங்கிவிடும்.

எண்ணெய் காய்ந்ததும் ஓமம், பூண்டு, வெங்காயம் போட்டு வதக்குங்கள். அமெரிக்காவில் 'தைம்' என்ற இலையைப் போடுவார்கள். அதற்காகக் கடைகடையாக அலைய வேண்டாம். அந்த இலைக்கும் நம் ஓமத்துக்கும் வாசனை கொடுக்கும் பொருள் ஒன்றேதான். பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள். நமக்கு அது தேவையில்லை.

அடுத்து உருளைக்கிழங்கை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, வடிகட்டிய சாற்றை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கிழங்கு முக்கால் பதம் வெந்த பிறகுதான் தக்காளி. முதலிலேயே போட்டால் புளிப்பு ஏறிக் கிழங்கு வேகாது.

தக்காளி கரைந்ததும் பொடித்த மிளகைப் போடுங்கள். கடைசியில் மட்டிச் சதையும் கொத்தமல்லியும். இரண்டே நிமிஷம். இறக்கிவிடுங்கள். அதிக நேரம் கொதித்தால் சதை ரப்பர் போல் ஆகிவிடும். உப்பை இறக்கும்போது ருசி பார்த்துப் போட வேண்டும். மட்டிச் சாற்றிலேயே உப்பு உண்டு.

இதைக் கிண்ணத்தில் குடிக்கலாம். சோற்றில் பிசைந்தும் சாப்பிடலாம்.

நண்டு, இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறவர்கள் இதைத் தொடவேண்டாம். மட்டி மாத்திரைக்குப் பதிலும் அல்ல. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்தக்கூடாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் முருங்கைக்கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடலாம். வழி வேறு, நியாயம் ஒன்றுதான்.

கரண்டியில் இருக்கிறது நியாயம்

"மட்டி சமைத்தால் சோகை போய்விடுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒருநாள் சூப்பில் போகாது. ஆனால் இந்தச் சூப்பில் வேறு எந்தக் குழம்பிலும் இல்லாத ஒரு குணம் இருக்கிறது.

இதில் நடுத்துண்டு கிடையாது. வால் துண்டும் கிடையாது!

எல்லாம் சின்னச் சின்னச் சதை. சத்து சாறு முழுவதும் கலந்திருக்கிறது. ஒரு கரண்டி எடுத்தால் எல்லோருக்கும் ஒரே பங்கு. அப்பாவுக்கு விழுவதுதான் அம்மாவுக்கும் விழும். மகனுக்கு விழுவதுதான் மகளுக்கும் விழும்.

ஒரே ஒரு நிபந்தனை. அம்மா கடைசியில் சாப்பிடக்கூடாது. கடைசியில் உட்கார்ந்தால் மட்டி தீர்ந்து போய்த் தக்காளித் தண்ணீர்தான் மிஞ்சும். பழைய கதைதான்!

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மட்டி சூப் இறக்கியதும், வீட்டு ஆண்பிள்ளை எழுந்து கரண்டியைக் கையில் வாங்கட்டும். முதல் கிண்ணத்தை ஊற்றி அம்மாவின் கையில் கொடுக்கட்டும்.

அவள் "எனக்கு அப்புறம்" என்பாள்.

கேட்காதீர்கள்!