சர்வோவைத் திட்டாதீங்க மக்களே

ராக் கிராலர் வைத்திருக்கும் நம்ம பசங்களுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி முழுசாகத் திரும்பவில்லையா? "சர்வோ வீக் மச்சி, 25 கிலோ சர்வோ வாங்கிப் போடு" என்பார்கள். மாசக் கடைசியில் மெஸ் காசைச் சேர்த்து வாங்கிப் போடுவான். ஒரு வாரம் திரும்பும். அப்புறம் சர்வோ ஹார்ன் பல் வழுக்கும், இல்லை நக்கிளைப் பிடிக்கிற பிளாஸ்டிக் விரிசல் விடும். அப்போது பிராண்டைத் திட்டுவான்.

தெரியாதவர்களுக்கு: ராக் கிராலர் என்பது ரேஸ் ஓட்டுகிற ரிமோட் கார் இல்லை. ஆமை வேகத்தில் கல் மேல் ஏறி இறங்குகிற குட்டி ஜீப். நம்மூர் பீச் ரோட்டில் அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கிற கருங்கல்லும், பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண் பள்ளங்களும் இதற்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். சர்வோ என்பது முன் சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டார். 25 கிலோ என்றால், அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 25 கிலோ இழுவை. கையகல வண்டிக்கு அது கொஞ்ச நஞ்ச பலம் இல்லை. அந்த பலத்திலும் திரும்பவில்லை என்றால் எங்கேயோ இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். என் கட்சி இவ்வளவுதான்: முதலில் இறுக்கத்தைத் தேடு, அப்புறம் பர்ஸைத் திற.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னர் வந்து வடம் பிடிக்கிற தேர். அதற்கு ஸ்டீயரிங்கே கிடையாது. முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புகிறார்கள். தேர் மூலையில் மக்கர் பண்ணினால், கட்டை போடுகிறவர் குனிந்து எந்தச் சக்கரம், எந்த இடம் என்று பார்ப்பார். "வடத்துக்கு இன்னும் நூறு பேரைக் கூப்பிடு" என்று சொல்லமாட்டார். நாம் சொல்கிறோம்!

தேடுவது எப்படி? வண்டியைத் தூக்கி வைத்து, சர்வோவிலிருந்து சக்கரத்துக்குப் போகும் லிங்க்கைக் கழற்றுங்கள். ஒரு விரலால் சக்கரத்தை இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி போகணும். போகவில்லை என்றால் சர்வோ நிரபராதி. நக்கிள் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். "டைட்டா இருந்தாத்தான் ஸ்ட்ராங்" என்று முறுக்கித் தள்ளுவதுதான் பாதிக் கேஸ்களில் காரணம். பிளாஸ்டிக் வார்ப்பின் ஓரப் பிசிறு, துருப்பிடித்த பேரிங் இரண்டையும் பாருங்கள். பீச்சில் ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம். உப்புத் தண்ணி பட்ட பேரிங்கை அன்றைக்கே நல்ல தண்ணியில் அலசி, காயவைத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடாவிட்டால் அடுத்த ஞாயிறு அது சுற்றாது.

இன்னும் இறுக்கமா? சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை உருவிவிட்டு மறுபடி தள்ளுங்கள். இப்போது சுலபமாகத் திரும்பினால் திருடன் அகப்பட்டான். இதுதான் எனக்குப் பிடித்த இடம். கடையில் பல ஷாஃப்ட்டுகளை 'சிவிடி' என்று விற்கிறார்கள். மாறா வேகம் என்று பெயர், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒற்றை ஹூக் ஜாயின்ட். தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பரில் எழுதினோமே, அதே ஆசாமி. 30 டிகிரி மடங்கினால், ஒரு சுற்றுக்குள் சக்கர வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் நடுவே இரண்டு தடவை ஏறி இறங்கும். 45 டிகிரியில் 0.71-க்கும் 1.41-க்கும் நடுவே. முழுசாகத் திருப்பும்போது வண்டி விக்கி விக்கிப் போவது அதனால்தான். அதையும் தாண்டித் திருப்பினால் ஜாயின்ட்டின் கவை ஒன்றையொன்று இடித்து நின்றுவிடும். எந்த சர்வோ வந்தாலும் இரும்பை இரும்புக்குள் நுழைக்க முடியாது.

பெரிய கார்களுக்கே இது தலைவலியாக இருந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் திருப்பவும் வேண்டும், அதற்கே எஞ்சின் பலத்தையும் கொடுக்க வேண்டும். 1926-ல் பிரான்சில் பியர் ஃபெனாயும் ழான் ஆல்பெர் கிரெகுவாரும் இதற்காகவே டிராக்டா ஜாயின்ட்டைக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரி அப்போது அவர்கள் கையில்தான் இருந்தது, ஆனால் இங்கே ஓடியது புஷ்புஷ் வண்டி :-) பின்னாளில் இரண்டாம் உலகப்போர் ஜீப்புகள் சிலவற்றிலும் அந்த ஜாயின்ட் போனது. நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ரிமோட்டில் எண்ட் பாயின்ட்டைக் கொஞ்சம் குறைத்து, ஜாயின்ட் இடிப்பதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தினால் போதும். காசு செலவில்லை.

ஆக்சில் சமாச்சாரம் வேறு. நடு ஷாஃப்டைக் கழற்றி, பினியனை விரலால் சுற்றுங்கள். பினியன் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு தடவை இறுகினால் கோளாறு பினியனில். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என்றால் பெரிய பல்சக்கரத்திலோ வளைந்த ஆக்சிலிலோ. எப்போதும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால் ஷிம் அதிகம், அல்லது மூடியின் திருகை முறுக்கிப் பெட்டியையே கோணலாக்கி இருக்கிறீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் தரையில் வைத்துச் சோதிக்காதீர்கள். நிறைய கிராலர்களில் டிஃபரென்ஷியல் பூட்டியே வரும், இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே வேகம். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், போக முடியாது. கல் மேல் டயர் வழுக்கிச் சமாளிக்கும். ஹாஸ்டல் சிமென்ட் தரையில் பிடித்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். அது கோளாறே இல்லை.

இத்தனையும் பார்த்து எல்லாம் சுலபமாக ஓடி, இரண்டு கல்லுக்கு நடுவே டயர் மாட்டும்போது மட்டும் சர்வோ திணறுகிறதா? அப்போது தாராளமாகப் புதுசு வாங்குங்கள், உலோகப் பல் உள்ளதாக. அதற்கு முன் ஸ்பீடு கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று பார்த்துவிடுங்கள். பெரிய சர்வோ மாட்டிக்கொண்டு நிற்கும்போது பல ஆம்பியர் இழுக்கும். கொடுக்க முடியாவிட்டால் ரிசீவரே அணைந்து, வண்டி பாறை உச்சியில் சிலையாக நிற்கும். கடலுக்குப் பக்கத்தில் அது நல்லதில்லை.