ஐந்தாம் வகுப்போடு முடிகிற அக்கறை

உத்திரமேரூர் ஒன்றியத்துக் கிராமங்களில் பள்ளி விட்டு வீடு திரும்பும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் பெரியவர்கள் இருப்பது அரிது. கல்குவாரி, செங்கல் சூளை, ஒரகடம் பக்கத்துக் கம்பெனி வேலை என்று அவரவர் பிழைப்பு இருட்டிய பிறகுதான் அவர்களை வீட்டுக்கு விடும். அதுவரை பன்னிரண்டு வயதுப் பிள்ளையே தம்பி தங்கைகளுக்குப் பெரியவர். அரசின் அக்கறையோ இந்த வயதுக்கு வரும்போது மெலிந்துபோகிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றே வகுக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடக்க வகுப்புகளுக்குத்தான். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருப்பதால் சிறப்பு வகுப்புகள் தாமாக வந்துவிடும். இடையில் கிடக்கும் ஆறு, ஏழு, எட்டுக்குத் தேர்ச்சி உறுதி. ஆகவே கேட்பாரும் இல்லை. இந்த மூன்று வகுப்புகளின் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் கோடை முகாமும் நடத்த, வருடா வருடம் வந்து சேரும் நிலையான மானியம் வேண்டும்.

சறுக்கல் எவ்வளவு ஆழம் என்பதை கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெகாந்த்ரோ கனிமியன் மூவரும் டெல்லியில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்கள் சோதித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பு. பள்ளிக்கு வந்துகொண்டே பின்தங்குகிறார்கள் என்று இதற்குப் பொருள். குலுக்கலில் தேர்வான பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே, அவரவர் நிற்கும் இடத்திலிருந்தே, கணினியும் சிறு குழுவுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. கணினிதான் மருந்து என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்பு வகுத்தலிலிருந்து தொடங்கத் துணிந்ததே மருந்து என்று நான் படிக்கிறேன்.

இதற்குத் தமிழ்நாட்டுச் சான்றும் உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடியதால் வந்த கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு. நடத்தும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஈடானது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கணக்கிட்டது. ஆய்வில் இருந்தவர்கள் தொடக்கப் பள்ளி வயதினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூத்த வயதினருக்கு டெல்லி ஆய்வு துணை நிற்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபின் மாலை வகுப்பு பலன் தருமா என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனாலும் கொரோனா தணிந்ததும் இந்தத் திட்டமும் சுருங்கியது. வெள்ள நிவாரணம்போல அதை நடத்திவிட்டோம். பின்தங்கல் கொரோனாவோடு வந்ததல்ல. டெல்லி ஆய்வு அதற்கு முந்தியது.

பணம் எங்கிருந்து வரும்? ஒன்றிய அரசு பள்ளிக் கல்விக்குத் தரும் சமக்ர சிக்‌ஷா நிதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2024–25இல் பார்த்தோம். ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2,152 கோடி ரூபாய் நின்றது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஏழைப் பகுதிகளின் மாலை, கோடை வகுப்புகளுக்கென்று அங்கே ஆண்டுக்கு 130 கோடி டாலருக்கு மேல் கூட்டாட்சி மானியம் உண்டு. 2025 ஜூலையில் அதை நிறுத்திவைத்து, எதிர்ப்புக்குப் பிறகு அந்த மாதமே விடுவித்தார்கள். எனவே மாநில நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பு வேண்டும். கூடவே, கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் வரம்புக்குள் வரும் நிறுவனம் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் உத்திரமேரூருக்கு வெளிநாடு அல்ல. ஆனால் நிறுவனங்களுக்குக் கட்டடமும் கழிப்பறையும் பிடிக்கும், பெயர்ப்பலகை வைக்கலாம். மாலை வகுப்பு நடத்தும் பெண்ணின் மாதச் சம்பளத்தில் பலகை மாட்ட இடமில்லை.

நாள் முழுதும் பள்ளியில் இருந்த பிள்ளையை மறுபடி உட்காரவைப்பது கொடுமை என்பார்கள். பாடப்புத்தகத்தையே திரும்பத் திறந்தால் கொடுமைதான். முதல் அரை மணி விளையாட்டு, கையில் சுண்டல், பிறகு கொஞ்சம் கணக்கு என்று இருந்தால் வருவார்கள். மாதம் 1,000 ரூபாய்க்குப் பட்டதாரிகளை வேலை வாங்குவது சுரண்டல் என்ற குறையை மறுக்க என்னிடம் பதில் இல்லை. அது சரியான குறை. 3,000 ஆக்கலாம். இருபது பிள்ளைகள் உள்ள ஒரு மையத்துக்கு அது ஆண்டுக்கு 36,000 ரூபாய். நாளுக்குத் தலைக்குப் பத்து ரூபாய்ச் சுண்டல், இருநூறு நாளைக்கு 40,000. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய்கூட ஆகாது. கோடை முகாமுக்கு மதியச் சாப்பாட்டையும் சேர்க்க வேண்டும். விடுமுறையில் சத்துணவு இல்லை. இதையெல்லாம் ஆசிரியரே செய்யட்டும் என்பவர்கள், அவர் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளப் பதிவேற்றத்தில் செலவிடும் நேரத்தை முதலில் கணக்குப் பார்க்கட்டும்.

மானியம் வந்தால் சுருட்டுவார்கள் என்பது கடைசி ஆட்சேபம். உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு அஞ்சுவது வேடிக்கை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் இங்கே வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் தேர்தலிலிருந்தே விலக்கியது. (நிலமும் வேதப் படிப்பும் கேட்ட அந்தச் சபையில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.) இன்றைக்கு இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பணம் அந்தக் குழுவின் கணக்குக்கு வரட்டும். வரவும் செலவும் கிராம சபையில் வாசிக்கப்படட்டும். பெற்றோர்களே, மே 1 கிராம சபையில் கோடை முகாம் கேட்டால் அதற்குள் விடுமுறை தொடங்கியிருக்கும். ஜனவரி 26 கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவாருங்கள்.